‘தொழில்: இல்லத்தரசி’ – தலித் பெண்களின் அரசியல் நாட்டமும் இரண்டாவது கையொப்பமும்

தேர்தலில் நிற்பவர் தாக்கல் செய்யும் உறுதிமொழிப் பத்திரத்தில் தொழில் பற்றிய வினா ஒன்று உண்டு. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கான 26-ஆம் படிவம் வேட்பாளரின் தொழிலையும் அவருடைய துணைவரின் தொழிலையும் தனித்தனியே கேட்கிறது. ஆண் வேட்பாளர்கள் பலர் துணைவரின் தொழில் என்னுமிடத்தில் ஒரே சொல்லை எழுதுகிறார்கள்: இல்லத்தரசி. அதே சொல்லைப் பெண் ஒருவர் தன் தொழிலாக எழுதும்போது நம் அரசியல் உலகம் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. இவருக்குப் பின்னால் யாரோ இருக்கிறார், இவர் பெயருக்கு நிற்கிறார், நேற்றுவரை அடுப்படியில் இருந்தவருக்கு அரசியல் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது. அந்தப் பெண் தலித்தாகவும் இருந்துவிட்டால் கேட்பதுகூட இல்லை. நேராகத் தீர்ப்பே சொல்லிவிடுகிறது.

வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டே பத்து, இருபது ஆண்டுகளாக அரசியலை விடாமல் பின்தொடரும் பெண்களை நம் சேரிகளில் எங்கும் காணலாம். ஏப்ரல் 14 விழாவுக்கு வீடு வீடாக நன்கொடை திரட்டுபவர்கள், கிராம சபையில் தெருக்குழாயைப் பற்றி ஒவ்வொரு முறையும் எழுந்து கேட்பவர்கள், எந்தக் கட்சி எந்த வார்டில் யாரை நிறுத்தும் என்பதை ஆண்களுக்கு முன்பே கணித்துச் சொல்பவர்கள் இவர்கள். இந்த நாட்டம் பதவியாக மாற முயலும் இடத்தில் சட்டம் என்ன தருகிறது, எங்கே கைவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

‘இல்லத்தரசி’ என்னும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலையே தம் முதன்மைப் பணி என்று சொன்ன பெண்கள் ஏறத்தாழ 16 கோடிப் பேர். அவ்வாறு சொன்ன ஆண்கள் 58 இலட்சத்துக்கும் குறைவு. 2021 ஜனவரி 5 அன்று கீர்த்தி எதிர் ஓரியண்டல் இன்சூரன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வெண்களை எடுத்துக்காட்டி, வீட்டு உழைப்புக்குப் பொருளாதார மதிப்பு உண்டென்று உறுதிப்படுத்தியது. 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண் 97 நிமிடங்களையும் செலவிடுகிறார்கள். கீர்த்தி வழக்கு, சாலை விபத்தில் இறந்துபோனவர்களுக்கான இழப்பீட்டு வழக்கு. நம் நீதிமன்றங்கள் இல்லத்தரசியின் உழைப்புக்கு விலை வைத்த தீர்ப்புகளில் பல அவர் இறந்த பிறகே எழுதப்பட்டவை.

தலித் பெண்ணைப் பொறுத்தவரை இச்சொல் இன்னொரு வகையிலும் பொருந்தாதது. வீட்டுக்குள் இருந்துவிடும் வசதி அவருக்கு அரிதாகவே வாய்த்திருக்கிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்வந்து, பின்பு வீட்டு வேலையையும் முடிப்பவர், கேட்கப்படும்போது ‘வீட்டில்தான் இருக்கிறேன்’ என்றே சொல்கிறார். உண்மையிலேயே கூலி வேலைக்குப் போகாமல் பிள்ளை வளர்ப்பவரும் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்கும் வீடு என்பது அரசியலுக்கு வெளியே உள்ள இடமாக இல்லை. தண்ணீர் வராத குழாய், மயானத்துக்குப் பாதை இல்லாமை, பட்டா மறுக்கப்பட்ட மனை, அங்கன்வாடியில் தன் பிள்ளை எங்கே உட்கார வைக்கப்படுகிறது என்பது ஆகியவற்றின் விளைவுகள் முதலில் வந்து சேர்வது அவரிடம்தான். அரசு தன் வேலையைச் செய்யாத ஒவ்வொரு நாளும் அந்த வேலை அவர் தலைமேல் குடமாக ஏறுகிறது. இந்த நாட்டம் ஏன் இத்தனை ஆண்டுகள் நீடிக்கிறது என்று வியப்பவர்கள் அந்தக் குடத்தைப் பார்த்தால் போதும்.

இது புதிதாகத் தோன்றியதும் இல்லை. 1942 ஜூலை 20 அன்று நாக்பூரில், சுலோசனாபாய் டோங்ரே தலைமையில் அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு கூடியது. மணவிலக்கு உரிமை, தொழிலாளர் பெண்களின் பணிநிலைமை ஆகியவற்றோடு, மக்கள் பிரதிநிதித்துவ அவைகளில் தம் சமூகப் பெண்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்றும் அவர்கள் கோரினார்கள். அரசமைப்புச் சட்டம் உள்ளாட்சியில் அவ்வொதுக்கீட்டை ஏற்க அதன்பின் ஐம்பது ஆண்டுகள் ஆயின. சென்னையில் மீனாம்பாள் சிவராஜ் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவர்களில் ஒருவராக உயர்ந்தார். அவர் அரசியல் செல்வாக்குள்ள குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அக்குடும்பப் பின்புலம் இல்லாத ஆயிரக்கணக்கானோருக்கு 1993 வரை கதவு திறக்கவே இல்லை.

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசமைப்புத் திருத்தம், 243ஈ பிரிவின் வழியாக, மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினருக்கும், அதற்குள்ளும் வெளியிலும் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கும் இடங்களை ஒதுக்கியது. தலைவர் பதவிகளுக்கும் இது பொருந்தும். தமிழ்நாடு 2016-இல் பெண்களின் பங்கை 50 விழுக்காடாக உயர்த்தியது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2019 உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவிக்கான வைப்புத்தொகை பட்டியல் சாதியினருக்கு 300 ரூபாய், வார்டு உறுப்பினருக்கு 100 ரூபாய். கிராம ஊராட்சித் தேர்தல் கட்சிச் சின்னமின்றி நடப்பது. வருமானம் இல்லாத ஒரு பெண் தடையின்றி நுழையக்கூடிய வாசல் இது என்றே தாளில் தோன்றும்.

நடைமுறையில் என்ன நிகழ்கிறது? தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டவுடன் ஆதிக்கச் சாதியினர் முதலில் தேடுவது தம் நிலத்தில் வேலை செய்யும் ஒருவரின் மனைவியை. அவர் கடன்பட்டவராக, கூட்டத்தில் பேசிப் பழகாதவராக இருந்தால் இன்னும் நல்லது. பதினைந்து ஆண்டுகளாகக் கிராம சபையில் கேள்வி கேட்டவர் முதலில் விலக்கப்படுகிறார். அரசியல் நாட்டமே அவருடைய தகுதிக்குறைவாகிறது. இதைக் கவனிக்காமல் ‘இட ஒதுக்கீட்டில் பொம்மைகள்தானே வருகிறார்கள்’ என்று பேசுவது, பொம்மையைத் தேர்ந்தெடுத்தவரை விட்டுவிட்டுப் பொம்மையைக் குறைசொல்வதாகும்.

இந்த விலக்கல் குற்றம் என்பதைப் பலர் அறிவதில்லை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள திருத்தத்தின்படி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எல்) பிரிவு, பட்டியல் சாதியினர் ஒருவரை வேட்புமனு தாக்கல் செய்யவிடாமல் தடுப்பதையும், தாக்கல் செய்ததைத் திரும்பப்பெறச் சொல்லி மிரட்டுவதையும், அவருடைய மனுவை முன்மொழியவோ வழிமொழியவோ விடாமல் தடுப்பதையும் குற்றமாக்குகிறது. தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. ‘ஊர் கூடிப் பேசி முடிவெடுத்தோம்’ என்பது இதற்கு எதிர்வாதம் ஆகாது. ஊர் கூடியதே சில வேளைகளில் குற்றத்தின் சான்றாகும்.

பினாமி ஆட்சி பற்றிய விவாதத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. 2023-இல் ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் அமைத்த ஆலோசனைக் குழு, கணவர் உள்ளிட்டோர் பெண் தலைவர்களின் அதிகாரத்தைக் கையாளும் வழக்கத்தை ஆராய்ந்து, 2025-இல் அளித்த அறிக்கையில் கடும் தண்டனைகளையும் பரிந்துரைத்தது. நோக்கத்தில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால், தலைவரோடு வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குத் துணைக்கு வரும் தலித் கணவரையும், தலைவரின் முத்திரையைத் தன் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் ஆதிக்கச் சாதி முன்னாள் தலைவரையும் ஒரே சொல்லால் குறிப்பது ஆபத்தானது. முதலாமவரைப் பிடிப்பது எளிது. இரண்டாமவர்மீது புகார் எழுதவே ஆள் இருக்காது. தண்டனை வந்தால் அது யார் மேல் முதலில் இறங்கும் என்பதற்கு நம் ஊர்களின் வரலாறே போதிய விடை.

இனி, இக்கட்டுரையின் தலைப்பிலுள்ள கையொப்பத்துக்கு வருகிறேன். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 188-ஆம் பிரிவின்படி, கிராம ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். கேட்பதற்கு நியாயமான கணக்குக் கட்டுப்பாடு. ஆனால் அரசமைப்பின் இட ஒதுக்கீடு தலைவர் பதவியோடு நின்றுவிடுகிறது. துணைத் தலைவர் பதவிக்கு அது இல்லை. அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள். ஊராட்சியின் வார்டுகளில் பெரும்பான்மை ஆதிக்கச் சாதியிடம் இருந்தால், தலைவர் நாற்காலியை இட ஒதுக்கீட்டில் இழந்தவர்கள் துணைத் தலைவர் பதவி வழியாக அதே அலுவலகத்துக்குள் திரும்பி வருகிறார்கள். அதன்பின் தலைவர் ஒரு மின்விளக்கு வாங்கவும் அவர்களின் பேனாவுக்குக் காத்திருக்க வேண்டும். காசோலை போய் டிஜிட்டல் கையொப்பச் சாவி வந்த பிறகும் இந்த இரட்டைப் பூட்டின் தன்மை மாறவில்லை. சாவி யார் சட்டைப்பையில் இருக்கிறது என்பது மட்டுமே புதிய கேள்வி.

நான் ஆவணங்களைப் படித்த ஓர் ஊராட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். தலைவர் மூன்று பிள்ளைகளின் தாய். பதவிக்கு வருமுன் எந்த வேலைக்கும் போனவரில்லை, ஆனால் எந்தக் கிராம சபையையும் தவறவிட்டவரும் இல்லை. கோடையில் காலனிக்கான மின்மோட்டார் எரிந்துபோகிறது. பழுதுபார்க்கத் தீர்மானம் நிறைவேறுகிறது, பட்டியலும் வருகிறது. துணைத் தலைவர் மறுப்பதுமில்லை, கையொப்பமிடுவதுமில்லை. ‘நாளைக்கு வா’ என்கிறார். இப்படி ஐந்து மாதம். தலைவர் தன் காதணியை அடகு வைத்து மோட்டாரைச் சுற்றிக் கட்டக் கொடுத்தார். பின்னர் தணிக்கையில், முறையான ஒப்புதலின்றிச் செலவு செய்தது முறைகேடு என்று அவர்மீதே குறிப்பெழுதினார்கள். தாமதித்தவர் பெயர் அக்குறிப்பில் எங்கும் இல்லை. இரண்டாவது கையொப்பத்தின் திறமே இதுதான்: அது இடாமல் விடப்படும்போது தடயம் எதையும் விட்டுச்செல்வதில்லை.

அத்தகைய குறிப்பு 205-ஆம் பிரிவை நோக்கி நகரும். தலைவர் கடமையைச் செய்ய வேண்டுமென்றே மறுத்தார் அல்லது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று தாமாகவோ, உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் கோரிக்கையின் பேரிலோ மாவட்ட ஆட்சியர் விளக்கம் கேட்கலாம். வட்டாட்சியர் கூட்டம் கூட்டி ஊராட்சியின் கருத்தைப் பதிவுசெய்வார். அதன்பின் ஆட்சியர் பதவிநீக்கம் செய்யலாம். கருத்துச் சொல்லும் உறுப்பினர்கள் யார் என்பதை மேலே பார்த்தோம். ஆனால் அக்கருத்து ஆட்சியரைக் கட்டுப்படுத்துவதில்லை. அவர் தம் மனத்தைச் செலுத்தி, காரணம் காட்டி முடிவெடுக்க வேண்டும் என்பதே நிலைபெற்ற சட்டம். ஆட்சியரின் அவசரகால அதிகாரத்தைச் சொல்லும் 203-ஆம் பிரிவைக் காட்டி, விசாரணைக்கு முன்பே தலைவரின் கையொப்ப அதிகாரத்தைப் பறிக்கும் வழக்கமும் இருக்கிறது. அது உயர் நீதிமன்றத்தில் பலமுறை கேள்விக்குள்ளாகியிருக்கிறது. விளக்கக் கடிதம் கையில் கிடைத்த அன்றே வழக்கறிஞரிடம் போக வேண்டும் என்று தலைவர்களிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான். விடையளிக்கும் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது ‘ஊரில் பேசித் தீர்க்கலாம்’ என்று நாளைக் கடத்துபவர்கள் அநேகமாக எதிர்த்தரப்பைச் சேர்ந்தவர்கள்.

கையொப்ப மறுப்பை வன்கொடுமையாகக் கொள்ள முடியுமா? 3(1)(எம்) பிரிவு, ஊராட்சித் தலைவராகவோ உறுப்பினராகவோ உள்ள பட்டியல் சாதியினரை அவர்களுடைய இயல்பான கடமைகளைச் செய்யவிடாமல் கட்டாயப்படுத்துவதையும் மிரட்டுவதையும் இடையூறு செய்வதையும் குற்றமாக்குகிறது. ஒரு பட்டியலின் மீதான உண்மையான கருத்து வேறுபாடு இதற்குள் வராது. ஆனால் தீர்மானம் நிறைவேறி, வேலை முடிந்து, காரணம் எதுவும் எழுதித் தராமல் மாதக்கணக்கில் கையொப்பத்தை நிறுத்திவைப்பது இடையூறுதான் என்று வாதிடச் சட்டத்தின் சொற்களிலேயே இடம் இருக்கிறது. காவல் நிலையத்தில் இதை ‘நிர்வாகப் பிரச்சினை’ என்று திருப்பி அனுப்புவார்கள். 18அ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்ய முன்விசாரணை தேவையில்லை என்பதையும், பொது ஊழியர் கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால் 4-ஆம் பிரிவு பாயும் என்பதையும் புகாரிலேயே எழுதிவிடுவது நல்லது.

கண்ணுக்குத் தெரியும் அவமதிப்புகளில் சட்டம் ஓரளவு விரைந்து இயங்கியிருக்கிறது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானபின் வன்கொடுமை வழக்கு வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் அமிர்தம் ஆகஸ்டு 15 அன்று கொடியேற்றத் தடுக்கப்பட்டார். செய்தி பரவிய பின் ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். நாற்காலியும் கொடியும் படத்தில் விழும். வராத கையொப்பத்தைப் படமெடுக்க முடியாது. நம் செய்தித் தளங்களும் முதலாவதைத் தேடி ஓடுகின்றன, இரண்டாவதற்கு இடமளிப்பதில்லை. இதை இத்தளத்திலேயே எழுத வேண்டியிருக்கிறது.

விரைவு எல்லா இடத்திலும் இல்லை. திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்தில் 2006-இல் தலைவரான கிருஷ்ணவேணி, பெண்களுக்கான கழிப்பிடம் கட்டும் முயற்சியில் பகை தேடிக்கொண்டு, 2011 ஜூனில் கொடூரமாக வெட்டப்பட்டு உயிர் பிழைத்தார். குற்றவாளிகள் அறுவருக்குத் தண்டனை கிடைத்தது 2024 நவம்பரில். குற்றப்பத்திரிகை 60 நாளில் என்று விதி சொல்லும் சட்டத்தின் கீழ் 13 ஆண்டுகள். அவர் கேட்டது கழிப்பிடம் என்பதைக் கவனியுங்கள். வீட்டை நடத்தும் பெண்ணின் அரசியல் எதில் தொடங்குகிறது, எதற்காக வெட்டப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வும் சொல்லாது.

தமிழ்நாட்டுக்கு வெளியே வீடே பெண்ணுக்கு எதிரான ஆயுதமாக்கப்பட்டிருக்கிறது. ஹரியானா 2015-இல் ஊராட்சித் தேர்தலில் நிற்கக் கல்வித் தகுதி விதித்தது: பொதுவாகப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டாம் வகுப்பு, வார்டு உறுப்பினராக நிற்கும் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஐந்தாம் வகுப்பு. வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும், மின்கட்டண நிலுவை இருக்கக் கூடாது. 2015 டிசம்பர் 10 அன்று ராஜ்பாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. பள்ளி மறுக்கப்பட்டவரைப் பள்ளிக்குப் போகாததற்காகத் தண்டிக்கும் இத்தீர்ப்பு தவறானது என்பதே என் நிலைப்பாடு. தமிழ்நாட்டில் இத்தகைய தகுதி இல்லை. யாரேனும் ‘படித்தவர் வந்தால் நல்லதுதானே’ என்று இங்கே தொடங்கினால் அங்கேயே மறிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் விச்கேடா ஊராட்சித் தலைவர் மனிஷா பான்பாட்டில், மாமியாரோடு அரசு நிலத்திலுள்ள வீட்டில் வசிக்கிறார் என்ற குற்றச்சாட்டில் பதவி இழந்தார். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கி, பெண் தலைவர் ஒருவரை ஊர் ஏற்க மறுப்பதே இத்தகைய புகார்களின் ஊற்று என்று கண்டித்தது. நம் சேரிகளில் எத்தனை வீடுகள் புறம்போக்கில் நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் இத்தீர்ப்பின் பயன் விளங்கும்.

பதவிக்கு வராதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவர்களே பெரும்பான்மை. 2016 முதல் 2019 இறுதி வரை தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளே இல்லை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்ததும் நிர்வாகம் மீண்டும் தனி அலுவலர்களிடம் போனது. தேர்தலைத் தள்ளிப்போடுவது எல்லோரையும் சமமாகப் பாதிப்பதுபோல் தோன்றும். கட்சிக்காரருக்குக் கட்சி அலுவலகம் இருக்கிறது, ஒப்பந்தக்காரருக்கு ஒன்றிய அலுவலகம் இருக்கிறது. வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு நடந்து போகும் தொலைவில் இருக்கும் ஒரே அரசியல் மேடை ஊராட்சி.

அம்மேடையில் எஞ்சுவது கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அதன் உறுப்பினர். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாதபோதும் அது இல்லாமற்போவதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். மதம் சார்ந்த வளாகத்தில் கூட்டக் கூடாது என்று அரசுச் சுற்றறிக்கைகளே சொல்கின்றன. ஊர்க் கோயில் மண்டபத்தில் கூட்டினால் சேரிப் பெண்கள் வெளியே நிற்க நேரும் என்பது அறிந்ததே. எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். காலை 11 மணி என்பது சோறு வடிக்கும் நேரம், கைப்பிள்ளை தூங்கும் நேரம்.

இதைப் படிக்கும் மாணவர்கள் என்ன செய்யலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். உங்கள் தெருவில் அத்தகைய ஒருவர் நிச்சயம் இருப்பார். உங்கள் தாயாகவும் இருக்கலாம். கிராம சபை நாளில் அவருடைய பிள்ளையை இரண்டு மணி நேரம் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். அவருடைய கேள்வியை முன்னதாகவே எழுத்தில் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். அவர் தலைவரானால், கையொப்பம் கேட்டுத் துணைத் தலைவருக்கு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் நகலையும் வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்; தாமதத்துக்குத் தடயம் அப்போதுதான் உண்டாகும். கூட்டம் முடிந்த மறுநாள், அவர் எழுப்பிய கேள்வி தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்க்க, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவர் பெயரிலேயே மனுச் செய்யுங்கள். பொதுத் தகவல் அலுவலருக்கு 30 நாள் கெடு. மனுவில் அவருடைய கையொப்பம் ஒன்று போதும்.